அலமைன் போர்க்களமும் இந்திய வீரர்களும்

இரண்டாம் உலகப் போரின் போக்கைத் திருப்பிய களங்களுள் ஒன்றாக எகிப்தின் மேற்குப் பாலைவெளியில் அமைந்த அலமைன் போற்றப்படுகிறது. 1942ஆம் ஆண்டு ஜூலையிலும், பின்னர் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அங்கு நிகழ்ந்த போர்கள் பற்றி ஐரோப்பிய மொழிகளில் நூற்றுக்கணக்கான நூல்கள் எழுந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மாண்ட்கோமரி, ரோமல் எனும் இரு தளபதிகளின் மதிநுட்பப் போட்டியாகவே இக்களத்தைச் சித்திரிக்கின்றன. அந்தச் சித்திரத்தில் இந்திய வீரனின் முகம் அரிதாகவே தென்படும். தென்னாட்டு வீரனின் முகம் அறவே தென்படாது. அக்களம் விளங்கிய நாடோ அரபு முஸ்லிம் நாடு. ஆயினும் அந்நாட்டு மக்கள் அப்போரை எவ்வாறு நோக்கினர் என்பதும் அந்நூல்களில் போதிய இடம்பெறவில்லை. இவ்விரு குறைகளையும் ஓரளவேனும் நிறைவு செய்யும் நோக்குடன் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பெயரும் நிலமும்

'அலம்' எனும் அரபுச் சொல்லுக்குக் கொடி, அடையாளம், வழிகாட்டும் குன்று எனப் பல பொருள் உண்டு. அதன் இருமை வடிவமே 'அலமைன்'. வழிப்போக்கர் திசையறிய நிறுவப்பட்ட இரு கற்குவியல்களைக் கொண்ட மேடு என்பது இவ்வூர்ப் பெயரின் கருத்து. ஒருமை, இருமை, பன்மை என மூவகை எண் கொண்ட அரபு இலக்கணத்தில் இருமைக்கு எடுத்துக்காட்டு தேடும் மாணவர்க்கு இப்பெயரை நாம் கூறுவதுண்டு.

அக்களத்தின் ஏனைய பெயர்களும் நிலத்தை விளக்குவன. 'ருவைஸாத்' என்றால் சிறு தலைகள். நெடுகக் கிடக்கும் தாழ்வான பாறை முகடு அது. 'தைர்' என்பது நூல் வழக்கில் துறவியர் மடத்தைக் குறிப்பினும், அப்பாலை வழக்கில் கிண்ணம் போன்ற பள்ளத்தைக் குறிக்கும். 'அலம் ஹல்ஃபா' என்பது ஹல்ஃபா எனும் முரட்டுப் புல்லால் பெயர்பெற்ற குன்று. வரைபடத்தில் வெறும் ஒலிகளாகக் கிடக்கும் இப்பெயர்கள், அரபு அறிந்தோர்க்கு அந்நிலத்தின் மேடு பள்ளங்களையே காட்டிவிடுகின்றன.

இப்பாதை பழமையானது. எகிப்தை வென்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் பர்காவை நோக்கிப் படை நடத்தியது 642ஆம் ஆண்டை ஒட்டியே. அலமைன் போருக்குச் சற்றேறக்குறைய 1,300 ஆண்டுகள் முற்பட்ட நிகழ்ச்சி அது. மக்ரிப் நாட்டு ஹாஜிகளும் மார்க்க அறிஞர்களும் நூற்றாண்டுகளாக இக்கடலோரத் தடத்தில்தான் அலெக்சாந்திரியாவை அடைந்தனர். பின்னாளில் மதுரை சுல்தானின் அவைக்கு வந்து நம் நாட்டைப் பற்றிக் குறிப்பெழுதிய இப்னு பதூதாவும் திரிப்போலியிலிருந்து இவ்வழியே கிழக்கு நோக்கிப் பயணம் செய்து 1326இல் அலெக்சாந்திரியாவை எய்தினார்.

இந்நிலத்தில் அலமைனுக்கு மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு. லிபியா முதல் நைல் வரை எங்கு அரண் அமைத்தாலும், எதிரி தெற்கே பாலைவெளியில் சுற்றி வளைத்து அதன் முதுகைத் தாக்கிவிட இயலும். அலமைனில் அது இயலாது. கடற்கரையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் கத்தாரா எனும் பெரும் பள்ளம் தொடங்குகிறது. கடல் மட்டத்திற்கு 133 மீட்டர் வரை தாழ்ந்த அவ்வுவர் நிலத்தில் கனரக ஊர்திகள் புதையும். வடக்கே கடல், தெற்கே கத்தாரா. இடையில் ஒரே வாசல். அந்த வாசலிலிருந்து அலெக்சாந்திரியா 106 கிலோமீட்டர்தான்.

ஒட்டகமில்லாத போர்

இப்போரை முஸ்லிம் உலகம் எப்படி நோக்கியது? இவ்வினாவுக்கு ஒற்றை விடை இல்லை.

எகிப்து 1922இல் பெயரளவில் விடுதலை பெற்றிருந்தது. எனினும் 1936ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சூயஸ் கால்வாயைக் காக்கும் பெயரில் பிரிட்டிஷ் படை அங்கு நிலைகொண்டது. போர் மூண்டதும் எகிப்து முழுவதுமே அப்படையின் பாசறையாயிற்று. 1941இல் அல்அஸ்ஹரின் ஷெய்க் முஸ்தஃபா அல்மராகி அவர்கள், இப்போரில் எகிப்துக்கு ஒட்டகமும் இல்லை, பெண் ஒட்டகமும் இல்லை எனும் பொருள்படப் பேசினார். பக்ரு, தக்லிப் குலங்களுக்கிடையே ஒரு பெண் ஒட்டகம் கொல்லப்பட்டதால் மூண்ட பஸூஸ் போரின்போது, அதில் சேர மறுத்த அல்ஹாரிஸ் இப்னு உபாத் என்பார் கூறியதாக வழங்கும் பழமொழி அது. தனக்குத் தொடர்பற்ற பூசலைக் குறிக்க அரபுகள் இன்றும் இதனை ஆளுகின்றனர். ஷெய்க் அவர்களின் இக்கூற்று எகிப்திய அரசையும் பிரிட்டிஷ் தூதரகத்தையும் கலங்கச் செய்தது.

1942 பிப்ரவரி 4 அன்று பிரிட்டிஷ் டாங்கிகள் கெய்ரோவின் ஆப்தீன் அரண்மனையைச் சூழ்ந்தன. தாம் விரும்பும் முஸ்தஃபா அந்நஹ்ஹாஸ் பாஷாவைப் பிரதமராக்க வேண்டும், மறுத்தால் அரியணை துறக்க வேண்டும் என்று மன்னர் ஃபாரூக்கை பிரிட்டிஷ் தூதர் நெருக்கினார். மன்னர் பணிந்தார். எகிப்திய இளைஞரும் இராணுவ அதிகாரிகளும் இவ்விழிவை மறக்கவில்லை. பின்னாளில் அந்நாட்டின் அதிபரான அன்வர் சாதாத், ஜெர்மானிய உளவாளிகளுடன் தொடர்புகொண்டதற்காக இதே 1942இல் கைதுசெய்யப்பட்டார். பகைவனின் பகைவன் நண்பன் எனும் எண்ணம் அன்று அங்கு வேரூன்றியிருந்தது.

லிபியாவில் நிலைமை நேர்மாறு. 1911 முதல் இத்தாலியர் அந்நாட்டை நசுக்கி வந்தனர். ஸனூஸிய்யா இயக்கத்தின் முதுபெரும் போராளி உமர் அல்முக்தார் அவர்கள் 1931 செப்டம்பர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார். பர்கா வட்டாரத்தின் நாடோடி மக்கள் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டு, பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மாண்டனர். முசோலினி தம்மை இஸ்லாத்தின் காவலர் என விளம்பரப்படுத்திக்கொண்டதை லிபிய மக்கள் எங்ஙனம் நம்புவர்? ஸனூஸித் தலைவர் ஸையித் இத்ரீஸ், 1940இல் பிரிட்டிஷாருடன் உடன்பட்டு லிபிய அரபுப் படையொன்றை உருவாக்கினார்.

ஆக, ஒரே பாலைவெளியின் கிழக்கில் ஆதிக்கம் செலுத்தியவன் பிரிட்டிஷ்காரன், மேற்கில் இத்தாலியன். அவரவர் முதுகில் விழுந்த சாட்டையைப் பொறுத்தே அவரவர் சார்பு அமைந்தது. ஜெர்மனி வென்றிருந்தால் அரபு மக்கள் விடுதலை பெற்றிருப்பர் என்று இன்றும் சிலர் எழுதுவது, உமர் அல்முக்தாரின் நாட்டு அனுபவத்தைப் புறக்கணிப்பதாகும். யூதர்களை அழித்தொழிக்கும் பணிக்கென்றே ஒரு நாஜிக் கொலைப் பிரிவு 1942 ஜூலையில் ரோமலின் படையைப் பின்தொடரக் காத்திருந்தது என்பதும் இன்று ஆவணங்களால் தெளிவாகியுள்ளது. அதே வேளையில், ஆப்தீன் அரண்மனையைச் சூழ்ந்த டாங்கிகளை மறந்து பிரிட்டிஷாரை விடுதலை வீரராகக் காட்டுவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது.

இந்தியரின் நிலையோ இவ்விருவரினும் வேறானது. 1939 செப்டம்பர் 3 அன்று வைசிராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர் எவரையும் கலவாமல் இந்தியாவைப் போரில் இறக்கினார். அதனை எதிர்த்து மதராஸ் மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை உள்ளிட்ட காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி துறந்தன. ஆனால் கட்டாய ஆள்சேர்ப்பு இன்றியே போர் முடிவுக்குள் இந்திய இராணுவம் 25 லட்சம் பேர் கொண்டதாக வளர்ந்தது. வறுமை, குடும்ப வழக்கம், மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பக்கூடிய ஊதியம் ஆகியவை அவர்களுள் பலரைப் படையில் சேர்த்தன. அப்போரில் அவர்களுக்கும் ஒட்டகம் இருந்ததில்லை.

தைருஷ் ஷைனில் ஒரு நாள்

1942 ஜூன் 21 அன்று தப்ரூக் கோட்டை வீழ்ந்தது. சிறைப்பட்ட ஏறத்தாழ 33,000 பேருள் 11ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிகேடும் அடங்கும். ஜூன் 29இல் மர்ஸா மத்ரூஹ் ரோமலின் கைக்குச் சென்றது. கெய்ரோவில் பிரிட்டிஷ் அலுவலகங்கள் தம் ஆவணங்களை எரித்தன. அலெக்சாந்திரியாத் துறைமுகத்திலிருந்து போர்க்கப்பல்கள் வெளியேறின.

இந்நிலையில் ஈராக்கிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்ட 18ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிகேடு, ருவைஸாத் முகட்டின் மேற்கு முனைக்கு அருகில் தைருஷ் ஷைன் பள்ளத்தில் நிறுத்தப்பட்டது. 4/11 சீக்கியர், 2/3 கூர்க்கர், பிரிட்டிஷாரின் 2/5 எசெக்ஸ் ஆகிய பட்டாலியன்கள் அதில் இருந்தன. நிலமோ பாறை, பதுங்குகுழி தோண்டுவதே அரிது. கண்ணிவெடி வேலி முற்றுப்பெறவில்லை. அவர்களுள் பலர் அதற்கு முன் பாலைப்போர் கண்டதில்லை.

ஜூலை 1 அன்று மணற்புயலினூடே ஜெர்மானிய ஆப்பிரிக்கப் படை அப்பள்ளத்தைத் தாக்கியது. அன்று காலை அப்படையிடம் இருந்த டாங்கிகள் 55 மட்டுமே. பிரிகேடு பகல் முழுவதும் தாக்குப்பிடித்து மாலையில் நிலைகுலைந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். பிரிகேடு ஒரு படைப்பிரிவாக இல்லாமற் போயிற்று. ஆனால் அந்த ஒரு நாளில் ரோமல் 18 டாங்கிகளை இழந்தார். அதனினும் மேலாக, ஒரு முழு நாளை இழந்தார். அந்த இடைவெளியில் தளபதி ஆக்கின்லெக் தம் பீரங்கிகளை ருவைஸாத் முகட்டில் குவித்துக்கொண்டார். ஜூலை 3 அளவில் ரோமலிடம் எஞ்சிய டாங்கிகள் 26 என்பது போர்க் குறிப்புகளால் அறியப்படும் செய்தி. கெய்ரோ நோக்கிய பாய்ச்சல் அங்கேயே நின்றது.

அம்மாதம் முழுவதும் ருவைஸாத் முகட்டுக்காகக் கடும் போர் நடந்தது. 8ஆம் இராணுவத்தின் ஜூலை மாத இழப்பு 13,000க்கு மேல். அவற்றுள் ஏறத்தாழ 4,000 நியூசிலாந்து டிவிஷனுக்கும், 3,000 ஐந்தாம் இந்திய டிவிஷனுக்கும் உரியவை. முதல் அலமைன் போர் எனப்படும் இதன் பெருமை ஆக்கின்லெக்குக்குக் கிட்டவில்லை. ஆகஸ்டில் சர்ச்சில் அவரை நீக்கி மாண்ட்கோமரியை அமர்த்தினார். ஆக்கின்லெக் 1943இல் இந்திய இராணுவத்தின் தலைமைத் தளபதியாக நம் நாட்டுக்குத் திரும்பினார்.

இரு போர்களுக்கு இடையே

ஜூலைப் போருக்கும் அக்டோபர் போருக்கும் இடைப்பட்ட காலத்தில் நம் நாட்டில் நிகழ்ந்தவற்றை நினைவுகூர்தல் வேண்டும். ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியலுக்குள் காந்தியடிகளும், காங்கிரஸின் அன்றைய தலைவர் மௌலானா அபுல் கலாம் ஆஸாதும் சிறைப்பட்டனர். அவ்வாண்டு தொடக்கத்திலேயே, பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச் 8இல் ரங்கூனும் ஜப்பானியர் வசமாகியிருந்தன. ரங்கூனிலும் பினாங்கிலும் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஒரே பருவத்தில் பொருளையும் ஆட்களையும் இழந்தன. பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் மலைக்காடுகளைக் கால்நடையாகக் கடந்து வந்தனர். ஏப்ரல் 5இல் கொழும்பும் மறுநாள் விசாகப்பட்டினமும் குண்டுவீச்சுக்கு உள்ளாக, மதராஸ் நகரமே பாதி காலியாயிற்று. பர்மா அரிசி நின்றதால் உணவுத் தட்டுப்பாடு உள்நாட்டு ஊர்களையும் எட்டியது. அன்று மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த திண்டுக்கல், பழனி, கீரனூர் பகுதிகளும் அதற்கு விலக்கல்ல.

ஆகவே ஒரே ஆண்டில் தமிழ் மண்ணின் மைந்தர் சிலர் பிரிட்டிஷ் கொடியின்கீழ் எகிப்தில் இருந்தனர். சிலர் மலாயாவில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். சிலர் உள்நாட்டில் அதே பிரிட்டிஷ் அரசின் சிறையில் கிடந்தனர். வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட இந்திய வீரருள் ஒரு பகுதியினர், நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அழைப்பை ஏற்று ஜெர்மனியில் அமைந்த சுதந்திர இந்தியப் படையில் சேர்ந்தனர். இவர்களுள் எவரை நாட்டுப்பற்றுடையோர், எவரை அற்றோர் என வகுப்பது? முதல் உலகப் போரில் முஸ்லிம் வீரர்க்கு இருந்த நெருக்கடி வேறு வகையினது. துருக்கியின் கலீஃபாவை எதிர்த்துப் போரிட அனுப்பப்படுவோம் எனும் அச்சம், 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் 5ஆம் இலகு காலாட்படையின் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. இரண்டாம் போரில் கிலாஃபத் இல்லை. எதிரில் நின்றோர் ஜெர்மானியரும் இத்தாலியரும். மார்க்க நெருக்கடி தணிந்த இடத்தில் நாட்டு விடுதலை பற்றிய நெருக்கடி எழுந்தது எனலாம்.

சைத்தானின் தோட்டங்கள்

ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 5 வரை அலம் ஹல்ஃபாவில் ரோமலின் இறுதி முயற்சி முறியடிக்கப்பட்டது. அதன்பின் அவர் தற்காப்புக்குத் திரும்பினார். ஏறத்தாழ 5 லட்சம் கண்ணிவெடிகளைக் கடல் முதல் கத்தாரா வரை பட்டை பட்டையாகப் புதைத்தார். இவற்றை ஜெர்மானியர் 'சைத்தானின் தோட்டங்கள்' என்று அழைத்தனர்.

நோன்புப் பெருநாள் கழிந்து இரு வாரம் நிறையுமுன், ஹிஜ்ரி 1361 ஷவ்வால் மாதத்து நிலவொளியில், 1942 அக்டோபர் 23 இரவு 9.40 மணிக்கு 8ஆம் இராணுவத்தின் பீரங்கிகள் ஒருசேர முழங்கின. அவ்விராணுவத்தில் ஏறத்தாழ 1,95,000 வீரரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட டாங்கிகளும் இருந்தன. எதிரணியில் இருந்தோர் ஏறத்தாழ 1,16,000. டாங்கிகள் 550க்கும் குறைவு. ரோமல் அப்போது ஜெர்மனியில் மருத்துவ ஓய்வில் இருந்தார். அவருக்குப் பதிலாகப் பொறுப்பேற்ற ஜெனரல் ஸ்டும்மே மறுநாளே களத்தில் மாரடைப்பால் இறந்தார். அக்டோபர் 25 மாலை ரோமல் விரைந்து திரும்பினார். மறுநாள் தப்ரூக்கை அணுகிய எண்ணெய்க் கப்பல் 'ப்ரோசர்ப்பினா' தாக்கப்பட்டது. எதிரியின் இரகசியச் செய்திகளை பிரிட்டிஷார் விடுவித்துப் படித்து வந்ததால் இத்தகைய கப்பல்களின் வருகை முன்கூட்டியே தெரிந்தது. இந்த மறைபொருள் 1974இல்தான் உலகறிய வெளிவந்தது. பாலைவெளியில் எரிபொருள் இல்லாத டாங்கி, நீரில்லாத ஒட்டகத்தினும் இழிந்தது. ரோமலின் வீழ்ச்சிக்கு இதுவே முதன்மையான காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இவ்விரண்டாம் போரில் 4ஆம் இந்திய டிவிஷன், மேஜர் ஜெனரல் டக்கரின் தலைமையில் ருவைஸாத் முகட்டைக் காத்து நின்றது. எதிரியின் படைகளை அங்கேயே கட்டிவைக்கும் பொருட்டு இரவுத் தாக்குதல்களை நடத்தியது. பஞ்சாபியர், பலூச்சியர், ராஜபுதானத்தார், கூர்க்கர் எனப் பல பகுதியினர் அதில் இருந்தனர். பஞ்சாப், பலூச் படைகளில் முஸ்லிம்கள் மிகுதி. 12 நாள் போரின் இறுதிக் கட்டத்தில், நவம்பர் 4 விடியலுக்கு முன், அதன் 5ஆம் பிரிகேடு தெற்கிலிருந்து அழைக்கப்பட்டு, தெல் அல்அக்காகீருக்குத் தெற்கே பீரங்கிக் குண்டுமழையின் பின்னே முன்னேறியது. அது திறந்த வழியாகக் கவச ஊர்திகள் திறந்தவெளிக்குப் பாய்ந்தன. அன்றே ரோமல் பின்வாங்கினார். 8ஆம் இராணுவத்தின் இழப்பு ஏறத்தாழ 13,500. நவம்பர் 15 அன்று இங்கிலாந்தெங்கும் தேவாலய மணிகள் முழங்கின. வாசலைத் திறந்தோருள் ஒருவராகிய 4ஆம் இந்திய டிவிஷனுக்கு அப்போது கிடைத்தது, போர்க்களத்தில் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டித் துப்புரவு செய்யும் பணி.

மதராஸ் சாப்பர்கள்

இனித் தென்னாட்டவரின் பங்கைக் காண்போம். பிரிட்டிஷார் வகுத்த 'போர்க்குல'க் கோட்பாட்டின்படி தமிழரும் தெலுங்கரும் போருக்குத் தகுதி குறைந்தோர் எனப்பட்டனர். பிளாசி முதல் தக்காணம் வரை அவர்களுக்கு ஆட்சியை ஈட்டித் தந்த மதராஸ் இராணுவத்தின் காலாட்படைகள் 1920களில் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் தோற்றுவிக்கப்பட்டது இரண்டாம் உலகப் போர் மூண்ட பின்னரே. ஆதலால் அலமைனில் மதராஸ் காலாட்படை எதுவும் இல்லை. நூல்களில் தமிழ் வீரன் காணப்படாமைக்கு இதுவே காரணம்.

ஆனால் 1780இல் தோன்றி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் எனும் பொறியியல் படை கலைக்கப்படவில்லை. தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், கிறித்தவர், ஒடுக்கப்பட்ட சமூகத்தார் ஆகியோர் தோளோடு தோள் நின்ற படை அது. 'தம்பி' என்பது இராணுவ வட்டாரத்தில் அவர்களுக்கு வழங்கிய செல்லப்பெயர். முள்வேலியை வெடித்துத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ' 1912இல் இப்படையின் அதிகாரி மெக்லிண்டாக்கால் உருவாக்கப்பட்டு, உலகப் படைகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட கருவியாகும். 4ஆம் இந்திய டிவிஷனின் பொறியியல் பிரிவுகளுள் மதராஸ் சாப்பர்ஸின் 12ஆம் ஃபீல்டு கம்பெனியும் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியும் அடங்கும்.

கண்ணிவெடிக் களத்தில் சாப்பரின் பணி யாது? காலாட்படைக்கு முன்னே நடந்தோ தவழ்ந்தோ செல்ல வேண்டும். இராணுவத்திடம் கண்டறி கருவிகள் சில நூறே இருந்தன. ஆதலால் பல இடங்களில் துப்பாக்கி முனை ஈட்டியால் மணலை மெல்லக் குத்திப் பார்க்க வேண்டும். இரும்பு தட்டுப்பட்டால் கையால் மணலை விலக்கி, அடியில் பொறி ஏதும் இணைந்துள்ளதா எனத் தடவி அறிந்து, வெடியைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். பின்னர் பாதையின் இருபுறமும் வெள்ளை நாடா கட்டி, விளக்கு வைத்து, வருவோர்க்கு வழிகாட்ட வேண்டும். இத்தனையும் எதிரியின் குண்டுகளுக்கிடையே. சுடுவதற்குக் கை ஓயாத போர்வீரனுக்கேனும் அச்சத்தை மறக்க ஒரு வழி உண்டு. சாப்பருக்கு அதுவும் இல்லை. வழியடையாளம் எனும் பொருள் கொண்ட அந்த ஊரில், உண்மையில் வழியடையாளம் நட்டவர்கள் இவர்களே.

அப்பணியின் இயல்பை விளக்க ஒரு பெயரைக் குறிப்பிடுவோம். காஞ்சிபுரத்தை அடுத்த ஊரினரான சுபேதார் சுப்பிரமணியன், மேற்கண்ட 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றுகையில், உடனிருந்தோரைக் காக்க வெடிக்கும் தறுவாயிலிருந்த கண்ணியின்மேல் தம் உடலையே போர்த்தி உயிர் நீத்தார். ஜார்ஜ் கிராஸ் எனும் உயர் விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

பதக்கத்தில் ஓர் எட்டு

வட ஆப்பிரிக்காவில் பணியாற்றியோர்க்கு 'ஆப்பிரிக்கா ஸ்டார்' எனும் பதக்கம் வழங்கப்பட்டது. அதன் நாடா பாலை மணலின் நிறத்தது. தரைப்படையைக் குறிக்கும் செந்நிறப் பட்டை நடுவிலும், கடற்படை, வான்படையைக் குறிக்கும் இரு நீலப் பட்டைகள் அதன் இருபுறமும் அமைந்திருக்கும். 8ஆம் இராணுவத்தில் இருந்தோர் அதன்மேல் '8' எனும் எண்ணைத் தனிச் சிறப்பாக அணியலாம். ஆனால் அதற்கான தகுதிக் காலம் 1942 அக்டோபர் 23 முதல் 1943 மே 12 வரை என வரையறுக்கப்பட்டது. அதாவது, மாண்ட்கோமரியின் பீரங்கி முழங்கிய இரவிலிருந்துதான் கணக்கு. ஜூலை 1 அன்று தைருஷ் ஷைனில் நின்று கெய்ரோவின் வாசலை அடைத்து, சிறைமுகாமுக்குச் சென்ற சீக்கிய வீரனும் கூர்க்க வீரனும் அவ்வெண்ணை அணிய இயலாது. வரலாறு எந்த நாளில் தொடங்குகிறது என்று முடிவு செய்வோரே, அதில் யாருக்கு இடம் உண்டு என்பதையும் முடிவு செய்துவிடுகின்றனர். இதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நினைவும் மறதியும்

அலமைனில் இன்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஒன்று உள்ளது. அங்கு 7,240 கல்லறைகள். அவற்றுள் 815 பெயரறியப்படாதவை. அதன் முகப்பாக விளங்கும் நினைவு மண்டபத்தை 1954 அக்டோபர் 24 அன்று மாண்ட்கோமரி திறந்துவைத்தார். கல்லறை இல்லாமற் போன 8,500க்கும் மேற்பட்ட தரைப்படை வீரர், 3,000க்கும் மேற்பட்ட வான்படை வீரர் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. தத்தம் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட 600க்கும் மேற்பட்டோருக்குத் தனி நினைவகம் உண்டு. மஸ்ஜிதின் தொழுகை வரிசையில் நின்றவனும் கோயிற் சந்நிதியில் நின்றவனும் அந்தச் சுவர்களில் ஒரே இந்திய இராணுவத்தின் பெயர்ப்பட்டியலில் நிற்கின்றனர்.

இவர்களை இந்நாடுகள் மறந்தமைக்குக் காரணம் உண்டு. 1947இல் நாட்டோடு இராணுவமும் பிரிந்தது. பலூச் படையும் பஞ்சாப் படைகள் பலவும் பாகிஸ்தானுக்குச் சென்றன. ராஜபுத்திர, சீக்கியப் படைகளும் மதராஸ் சாப்பர்ஸும் இந்தியாவில் நிலைத்தன. 2ஆம் கூர்க்கா படை பிரிட்டனுக்குச் சென்றது. ஒரே முகட்டில் ஒரே குவளையில் நீர் அருந்தியவர்கள் மூன்று நாட்டு வரலாறுகளுக்குப் பங்கிடப்பட்டனர். விடுதலை பெற்ற நாடுகளோ, காலனி ஆட்சியின் படையில் பணியாற்றியோரைக் கொண்டாடக் கூச்சம் கொண்டன. இக்கூச்சம் நியாயமானதே. எனினும், கொண்டாடுதல் வேறு, அறிந்திருத்தல் வேறு. செய்திகளை ஆராயாது ஏற்பதே வரலாற்றாசிரியரின் பெரும் வழுவென்று இப்னு கல்தூன் எச்சரித்தார். செய்தியையே திரட்டாது விடுவது அதனினும் பெரிய வழு.

அப்பாலைவெளியில் போர் முற்றாக முடிந்துவிடவும் இல்லை. புதைத்த நாடுகள் தத்தம் ஊர் திரும்பிவிட்டன, வெடிகள் திரும்பவில்லை. வெடிக்காத குண்டுகளையும் சேர்த்து மேற்குப் பாலைவெளியில் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் கிடந்ததாக எகிப்து அரசு நெடுங்காலம் கூறிவந்தது. அவ்லாத் அலீ குலத்து ஆட்டிடையரும் சிறுவரும் பல்லாண்டுகளாகக் கைகால்களையும் உயிரையும் இழந்து வந்துள்ளனர். ஷெய்க் அல்மராகி அவர்கள் கூறிய பழமொழியின் முழுப்பொருளும் இங்கேதான் விளங்குகிறது. அப்போரில் ஒட்டகமில்லாத மக்களே, அதன் கடனை இன்றளவும் தம் ஒட்டகங்களாலும் உடல்களாலும் செலுத்தி வருகின்றனர்.

நம் பங்குக்குச் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. கீரனூர் போன்ற நம் ஊர்களின் பழைய வீடுகளில், மரப்பெட்டியின் அடியில், இராணுவப் பணிவிடுப்புச் சான்றோ, மணல்நிற நாடா கொண்ட நட்சத்திரப் பதக்கமோ, படைப்பிரிவின் எண் எழுதிய நிழற்படமோ இருத்தல் கூடும். அவற்றை வெற்றுலோகமென எடைக்குப் போடாமல், அதன் உரிமையாளரின் பெயர், ஊர், படைப்பிரிவு, பணியாற்றிய நாடு ஆகியவற்றை எழுதி வைக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஜமாஅத் பதிவேடுகளிலும் பள்ளிக்கூடப் பதிவேடுகளிலும் இதற்குத் துணைச் சான்றுகள் கிடைக்கலாம். பிறருடைய போரில் இறந்தவர்கள் என்பதால் அவர்கள் பிறராகிவிடுவதில்லை. அவர்களின் பெயர்களை எழுதி வைக்கும் பொறுப்பு நம்முடையதே.